தரங்கம்பாடி, பூம்புகார் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: குழந்தைகளோடு ஒரே நாளில் இரண்டு ஊரையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம். காலையில் பூம்புகார், வெயில் தாழ்ந்தபின் தரங்கம்பாடி. வெள்ளிக்கிழமை வேண்டாம், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் டேன்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

கேள்வி: டேனிஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்களா, கட்டினார்களா?

கட்டினார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இடம் வாங்கினார்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கோட்டையோடு திரும்பிவிடாமல் ராஜ வீதியில் நடந்து பாருங்கள். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீடம் பொறித்த பெயரெழுத்துகளும் 1718 என்ற ஆண்டும் இருக்கும். அதைக் கட்டிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மறு ஆண்டே இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார்.

கேள்வி: பூம்புகாரில் கலைக்கூடம் தவிர என்ன இருக்கிறது?

சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் எழுந்தது. அழகுதான், ஆனால் பழசு இல்லை. பழசு வேண்டுமென்றால் கீழையூர் போங்கள். 1960களின் அகழாய்வில் வந்த செங்கல் படகுத்துறை அங்கே கிடைத்தது. படகு கட்ட நட்ட மரக்கம்பத்தின் அடித்துண்டு கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கரிமக் கணிப்பு சொன்னது. கடற்கரையில் பானை ஓடு கண்ணில் பட்டால் பையில் போடாதீர்கள். பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள்.

கேள்வி: பூம்புகார் ஒரே இரவில் ஆழிப்பேரலையில் மூழ்கியது என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்? மணிமேகலையே சொல்கிறதே!

இன்றைக்கு இதே கேள்வி நாலாவது முறை. சரி, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்திர விழா மறந்ததால் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்வது காவியம். மண்ணைத் தோண்டி எடுத்த சான்று வேறு. கடலடியில் 23 மீட்டர் ஆழத்தில் கண்ட லாட வடிவ அமைப்பைக் காட்டுவீர்கள். அது கட்டடமா, இயற்கைப் பாறையா என்பதே முடிவாகவில்லை.

கடல் ஒரே இரவில்தான் ஊரை விழுங்கும் என்றில்லை. மெதுவாகத் தின்னும் கடலைப் பார்க்க வேண்டுமா? தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1305ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. முன்பகுதியை அலை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. மிச்சம் நின்றதைக் காக்கத்தான் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சுனாமி வராத ஆண்டுகளிலும் கடல் சும்மா இருக்கவில்லை, ஐயா.

கேள்வி: அப்படியென்றால் சுனாமியே வரவில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. 2004இல் இந்தக் கரையே கண்டது. ஒன்று நடந்ததால் மற்றதும் அப்படித்தான் நடந்தது என்று ஆகாது.

கேள்வி: நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் எங்கே?

அந்தப் பழைய பௌத்த மடம் இப்போது இல்லை. இடிபாடாக மிஞ்சியிருந்த கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போகவேண்டும்.

கேள்வி: வரும் வெள்ளி கோட்டை திறந்திருக்குமா?

முதல் பதிலைப் பாருங்கள்.