இரண்டு நாள் வெட்டு

அன்புள்ள தங்கைக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு மணமாகி வந்து பதினொரு மாதம் ஆகிறது என்றும், செம்பனை ஆலையில் வேலை செய்யும் கணவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 2,860 வெள்ளி (ரிங்கிட்) என்றும், வாடகை 550, ஊரில் பெற்றோருக்கு 400 போக மீதி எங்கே போகிறதென்றே தெரியாமல் இருபதாம் தேதிக்குள் கை வறண்டுவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கீரைக்கட்டைக் கையில் எடுத்தால்கூட விலையை இருபதால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்து மனம் பதறுகிறது, இந்தப் பழக்கம் எப்போது போகும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் 2001இல் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து இதே ஊருக்கு மருமகளாக வந்தவள்தான். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கத்தரிக்காயைத் தொட்டுவிட்டு விலையைக் கேட்டதும் திரும்ப வைத்தவள்தான்.

அந்தப் பழக்கம் முழுதாகப் போகாது. எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் உங்கள் கையை வறளச் செய்வது அதுவன்று என்பதே என் கணிப்பு. நீங்கள் ஒரே வீட்டில் இரண்டு தராசு வைத்திருக்கிறீர்கள். கீரை, தக்காளி, முருங்கைக்காய் இவற்றையெல்லாம் ரூபாயில் நிறுக்கிறீர்கள். அதனால் இரண்டரை வெள்ளிக் கீரை ஐம்பது ரூபாயாகிக் கண்ணை உறுத்துகிறது. தவணைக்கு எடுத்த குளிர்பெட்டிக்கு மாதம் 89 வெள்ளி, புதுக் கைப்பேசிக்கு 75 வெள்ளி என்று எழுதுமிடத்தில் மட்டும் ரூபாய் உங்கள் நினைவுக்கு வரவில்லை. ஊரில் ஆயிரங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு எண்பத்தொன்பது என்பது சில்லறையாகவே கேட்கும். இப்படியாக, கீரையில் ஐம்பது காசு மிச்சம் பிடித்துவிட்டு, தவணையில் 164 வெள்ளியை ஓசையில்லாமல் விட்டுவிடுகிறோம்.

எனக்கு மூன்றாவதாக ஒரு தராசைக் கொடுத்தவர் என் மாமியார். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர். எந்தப் பொருளின் விலையைச் சொன்னாலும், "அது ரெண்டு நாள் வெட்டும்மா" என்பார். அதாவது அதற்காக இரண்டு விடியற்காலை எழுந்து மரத்துக்கு மரம் நடக்க வேண்டும் என்று பொருள். உங்கள் கணக்குக்கும் அதுவே பொருந்தும். மாதம் 26 வேலைநாள் என்று கொண்டால் உங்கள் கணவரின் ஒரு நாள் 110 வெள்ளி. வாடகை ஐந்து நாள். பெற்றோருக்கு அனுப்புவது நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு தவணையும் சேர்ந்து ஒன்றரை நாள். கீரைக்கட்டுக்கு, எட்டு மணி நேர வேலை என்று வைத்தால், பதினொரு நிமிடம்கூட ஆகாது. இப்படி எழுதிப் பார்த்தால் எதில் பதற வேண்டும், எதில் பதறத் தேவையில்லை என்பது தானே புலப்படும்.

உங்கள் பட்டியலில் நீங்கள் எழுதாமல் விட்டது கணவரின் காலைப் பசியாறல். காலை வேலைக்குப் போகிறவர் வழியில் இரண்டு ரொட்டிச் சானாயும் (இங்குள்ள பரோட்டா) ஒரு தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) சாப்பிட்டால் இப்போதைய விலையில் ஏறக்குறைய ஆறு வெள்ளி ஆகும். 26 நாளுக்கு 156 வெள்ளி, கிட்டத்தட்ட இன்னும் ஒன்றரை நாள். அதை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆண்கள் ஊர்ச் செய்தியும் வேலைச் செய்தியும் கேட்டறியும் இடம் அந்த மேசை. என் கணவருக்கு இப்போதைய வேலை கிடைத்ததும் அங்கேதான். வாரத்தில் மூன்று நாள் வீட்டுத் தோசை, மற்ற நாள் கடை என்று நாங்கள் ஒத்துக்கொண்டோம். அதற்கே அரை வருடம் பேச வேண்டியிருந்தது.

சமையலறையைப் பொறுத்தவரை இங்கே அரசு விலைக்கட்டுப்பாடும் மானியமும் உள்ள பொருள்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். 14 கிலோ சமையல் எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்) 26.60 வெள்ளி, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் கூடுதலாகக் கேட்பார்கள். ஒரு கிலோ பையில் வரும் சமையல் எண்ணெய் 2.50 வெள்ளி, வந்த அன்றே தீர்ந்துவிடும், ஆளுக்கு இத்தனை பைதான் என்றும் சொல்வார்கள், ஆகவே கடைக்காரரிடம் எந்தக் கிழமை சரக்கு இறங்கும் என்று கேட்டு வையுங்கள். உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோ 26 வெள்ளி. ஊரிலிருந்து வரும் பொன்னி அரிசியை விடமுடியாதென்றால் மதியச் சோற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, இட்லி மாவுக்கும் இடியாப்பத்துக்கும் உள்ளூர் அரிசியைப் பழக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். வஞ்சிரம் வேண்டும் என்று நாக்கு கேட்கும். இங்கே கெம்போங் என்று விற்கிறார்களே, அது நம் கானாங்கெளுத்திதான், குழம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருப்பவர்கள் அரசின் ரஹ்மா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கணவர் குடிமகன் என்பதால் அவர் பெயரில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். திருமணத்துக்கு முன் தனியாள் என்று பதிந்திருந்தால் அதைக் குடும்பமாக மாற்றவேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி பெற்றோருக்கு அனுப்பும் பணம். 400 வெள்ளியைக் குறைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். குறைக்க வேண்டாம், அனுப்பும் முறையை மாற்றுங்கள். வாரம் நூறாக நான்கு முறை அனுப்புகிறீர்கள். சேவைக் கட்டணம் பெரும்பாலும் தொகைக்கு ஏற்றபடி அன்றி, ஒரு தடவைக்கு இவ்வளவு என்றே இருக்கும். நான்கு தடவை கட்டுவதை ஒரு தடவையாக்கினால் மூன்று தடவைக் கட்டணம் மிஞ்சும். கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்யும் இடத்தில் மாற்று விகிதத்தைப் பாருங்கள். கடைசியில் அப்பா கையில் எத்தனை ரூபாய் சேரும் என்ற ஒரே எண்ணைக் கேட்டு ஒப்பிடுங்கள். நல்ல விகிதம் தருகிறார்கள் என்று, வங்கி வழியின்றிக் கைமாற்றாகப் பணம் அனுப்பும் உண்டியல்காரரிடம் கொடுக்காதீர்கள். உரிமமில்லாத அந்தத் தொழில் சட்டவிரோதம். பணம் போய்ச் சேராவிட்டால் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

பக்கத்து வீட்டு அம்மா கூட்டில், அதாவது நம் ஊரில் சொல்லும் சீட்டில், சேரச் சொல்கிறார் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. 2009இல் பன்னிரண்டு பேர் சேர்ந்த கூட்டில் மாதம் 200 வெள்ளி கட்டினேன். தீபாவளி மாதத்தில் எடுக்கலாம் என்று என் முறையைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏழு மாதம் கட்டி முடித்த நிலையில் கூட்டுப் பிடித்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். 1,400 வெள்ளி. காவல் நிலையம் போகலாம் என்றபோதுதான் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம் என்று தெரிந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. நாம் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று என்பதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதே தோட்டத்து மக்கள்தாம், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், இந்த ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். சேர்ந்து சேமிக்கும் வழக்கத்தில் பிழையில்லை. பதிவும் கணக்கும் உள்ள கூட்டுறவுச் சங்கத்தில் சேருங்கள், அல்லது உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து சம்பள நாளன்றே அரை நாள் சம்பளத்தை, அதாவது 55 வெள்ளியை, அதில் போட்டுவிடுங்கள்.

அவசரத்துக்கு நகை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அடகுக்கடை வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு இருபத்து நான்கு. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. உங்கள் கணவருக்கு அது மாதம் எண்பது வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஐம்பது வெள்ளி சேர்ந்தாலே கைப்பேசி வழியாக எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் வசதியும் ஆபத்தும். அடகுக்கடைக்குப் போகவேண்டிய நாளுக்கு முன்பு தொடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு அங்பாவ் (காசு வைத்த உறை) கொடுப்பது இங்குள்ள வழக்கம். முதல் வருடம் கௌரவத்துக்காக ஆளுக்குப் பத்து வைத்து நான் விழி பிதுங்கினேன். இரண்டு வெள்ளி வைத்தாலும் யாரும் குறை சொல்வதில்லை.

அடுத்த சம்பளத்திலிருந்து ஒரு நோட்டில் வெள்ளிக்குப் பக்கத்தில் நாளையும் எழுதுங்கள். இருபதாம் தேதி கையில் எத்தனை நாள் மீதி என்று எனக்குத் தெரிவியுங்கள். ரொட்டிச் சானாய்க் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்று மட்டும் உங்கள் கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஊர் சிறியது, நாளை அதே கடையில் என் கணவரும் அவரும் எதிரெதிரே உட்காரவேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா