அஞ்சியோகிராமுக்கு மணிக்கட்டு வழியா, கவட்டு வழியா?

நிலாவெளியில் கரைவலை இழுக்கும் அப்பாவுக்கு அஞ்சியோகிராம் (நாடி வழியே மெல்லிய குழாய் விட்டு இதய நாடிகளைப் படம்பிடிக்கும் பரிசோதனை) செய்ய வேண்டும், எந்த வழி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வைத்தியர் மணிக்கட்டைத் தெரிவுசெய்தால் மகிழ்ச்சியோடு சம்மதியுங்கள்.

முதற்காரணம் இரத்தக்கசிவு. மணிக்கட்டு நாடி தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் ஓடுகிறது. பட்டியால் அழுத்தினாலே கசிவு நின்றுவிடும். கவட்டு நாடி பெரியது, ஆழமானது. அங்கே கசியும் இரத்தம் சில வேளை வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறத்தில் தேங்கிவிடும். அதனால்தான் பல மணிநேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். முதுகுவலிக்காரருக்கு அது பரிசோதனையைவிடப் பெரிய தண்டனை! கை வழியென்றால் விரைவில் எழுந்து நடக்கலாம். கனடாவின் இதய வைத்தியர் லூசியன் காம்போ 1989இல் இம்முறையை அறிக்கையிட்டார்.

கை நாடி ஒடுக்கமானது. குழாய் நுழைந்ததும் சுருங்கி இறுக்கிக்கொள்வதுண்டு. அப்போது இடையிலேயே கவட்டுக்கு மாறுவார்கள். பயப்பட வேண்டாம். பின்னர் அந்த நாடி அடைபட்டாலும், பெரும்பாலும் சுண்டுவிரல் பக்க நாடி கைக்கு இரத்தம் கொடுத்துவிடும். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸ் தேவைப்படக்கூடியவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கை நாடிகளை அந்தச் சிகிச்சைக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டியிருக்கும். இதய வால்வு பொருத்துவது போன்ற பெரிய கருவிகளுக்குப் பெரும்பாலும் கவடுதான்.

கரைவலையைச் சில நாட்களுக்கு அப்பா தொடக்கூடாது. துளையிட்ட இடம் திடீரென வீங்கினால் அதை அழுத்திப் பிடித்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.