பொருநை என்றாலும் தாமிரபரணி என்றாலும்

கேள்வி: எங்கள் வீட்டில் கோரைப் பாய் நெய்கிறோம். கல்யாணப் பாயில் இடவேண்டிய மணமக்கள் பெயர்களைத் தறிக்குச் சீட்டாக அச்சிட்டுக் கொடுக்க, ரூபி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். முதல் சீட்டு சரியாக வருகிறது. இரண்டாவதில் முந்தைய தம்பதியின் பெயரும் சேர்ந்துவிடுகிறது. பத்தாவது சீட்டில் பத்துத் தம்பதிகளும் இருக்கிறார்கள். ‘முன்னுரை’ என்ற மாறியை நான் தொடவே இல்லையே, அது எப்படி மாறியது?
— வாசகி, பத்தமடை

பதில்: நீங்கள் அனுப்பிய நிரலில் மூன்று வரிகளே இங்கு முக்கியம். (மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டியிருப்பது மகிழ்ச்சி தருகிறது, ரூபி அதைத் தடையின்றி ஏற்கிறது.) முதல் வரி சுழற்சிக்கு வெளியே இருக்கிறது, மற்ற இரண்டும் உள்ளே.

முன்னுரை = "மணமக்கள்: "
சீட்டு = முன்னுரை
சீட்டு << தம்பதி

இரண்டாம் வரி முன்னுரையைப் படியெடுத்துச் சீட்டில் வைக்கிறது என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படியல்ல. ரூபியில் சமக்குறி எதையும் படியெடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் சரத்துக்கு (string, எழுத்துகளின் தொடர்) இன்னொரு பெயரைத் தருகிறது, அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் ஆற்றைப் பொருநை என்றும் சொல்கிறோம், தாமிரபரணி என்றும் சொல்கிறோம். மணிமுத்தாறு வந்து கலந்தால் எந்தப் பெயரால் அழைத்தாலும் நீர் கூடியிருக்கும். ‘<<’ என்னும் குறி செய்வது அந்தக் கலப்பைத்தான்: இருக்கும் சரத்தையே அது நீட்டுகிறது. இரண்டு மாறிகளிடமும் ஆப்ஜெக்ட்_ஐடி (object_id, பொருளின் அடையாள எண்) கேட்டுப் பாருங்கள், ஒரே எண் வரும்.

மூன்றாம் வரியை ‘சீட்டு += தம்பதி’ என்று மாற்றினால், இரண்டையும் சேர்த்துப் புதிய சரம் ஒன்று உருவாகி, ‘சீட்டு’ என்ற பெயர் பழைய சரத்தை விட்டு அதற்கு இடம்பெயர்கிறது. பொருநை என்ற பெயரை வேறோர் ஆறான நம்பியாற்றுக்குச் சூட்டியது போல. அதனால் தாமிரபரணியில் ஒரு சொட்டும் கூடாது. இவ்வேறுபாடு செயற்கூறுகளிலும் (functions) அப்படியே பொருந்தும்: அனுப்பிய சரத்தை உள்ளே ‘<<’ கொண்டு நீட்டினால் வெளியிலும் நீளும், ‘+=’ செய்தால் நீளாது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ‘சீட்டு = முன்னுரை.டூப்’ என்று இரண்டாம் வரியைத் திருத்துவதையே (டூப் என்பதை நிரலில் dup என்றே எழுதவேண்டும்). படி எடுக்கிறோம் என்பது படிப்பவருக்கும் வெளிப்படையாகத் தெரியும். அதன்பின் ‘<<’ தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே சரத்தில் சேர்க்கும்போது, ஒவ்வொரு முறையும் புதிய சரம் உருவாக்கும் ‘+=’ஐ விட ‘<<’ வேகமானது என்பதால் அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை.

முன்னுரையை ‘ஃப்ரீஸ்’ (freeze) செய்து, அதாவது மாற்றமுடியாதபடி உறையவைத்து வைப்பது இன்னும் நல்லது. அதன்பின் யார் ‘<<’ இட்டாலும் நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். தவறான பெயர் தறிவரை போகாது. ஆனால் உறைவது சரம்தான், பெயர் அன்று; ஆகவே ‘+=’ அப்போதும் வேலை செய்யும். உறைந்த சரத்தை ‘டூப்’ செய்தால் மாற்றத்தக்க படி கிடைக்கும், ‘குளோன்’ (clone) செய்தால் படியும் உறைந்தே வரும். கோப்பில் மேற்கோளுக்குள் நேரடியாக எழுதிய சரங்கள் அனைத்தையும் உறையவைக்கும் தலைக்குறிப்பு (frozen_string_literal: true), 2015 டிசம்பரில் வந்த ரூபி 2.3 முதல் இருக்கிறது.

கேள்வி: பெயரின் ஓரத்து இடைவெளியை நீக்க ‘பெயர் = பெயர்.ஸ்ட்ரிப்!’ என்று எழுதினேன். சில பெயர்கள் காணாமற்போகின்றனவே?
— வாசகர், வள்ளியூர்

பதில்: ஆச்சரியக்குறியுள்ள ‘ஸ்ட்ரிப்!’ (strip!) சரத்தை அதே இடத்தில் திருத்துகிறது. நீக்க எதுவும் இல்லாவிட்டால் ‘நில்’ (nil, ‘ஒன்றுமில்லை’) என்பதையே திருப்பித் தருகிறது. சமக்குறியால் அந்த நில்லை உங்கள் மாறிக்கே சூட்டிவிட்டீர்கள். காணாமற்போனவை ஓரத்தில் இடைவெளியே இல்லாத, சரியான பெயர்கள்தாம். சமக்குறியை வைத்துக்கொண்டு ஆச்சரியக்குறியை எடுத்துவிடுங்கள்.