பற்றரிக்கும் புழுக்கம் உண்டு: வாகனக் கேள்வி–பதில்

கேள்வி: யப்பானிலிருந்து வந்த ரொயோட்டா அக்குவா வைத்திருக்கிறேன். கொஞ்ச நாட்களாகப் பின்சீற் பக்கம் 'ஊ' என்று விசிறிச் சத்தம். ஹைபிரிட் பற்றரி போகப்போகிறது, இப்போதே மாற்றுங்கள் என்கிறார் கராஜ்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அவசரப்பட்டுக் காசை இறைக்காதீர்கள். அந்த விசிறி இருப்பதே பற்றரியைக் குளிர வைக்கத்தான். பின்சீற்றின் கீழ்ப்பக்கம் கீற்றுக் கீற்றாக ஒரு காற்றுவாய் இருக்கும், காருக்குள் இருக்கிற காற்றைத்தான் அது இழுக்கிறது. உங்கள் ஊர்ச் செம்மண் தூசி, தலைமுடி, பிள்ளைகள் கொட்டிய பிஸ்கற் தூள் எல்லாம் அங்கே போய் அடைத்தால் காற்று குறையும், பற்றரி சூடாகும், சூடானதும் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். உங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். முதலில் மூடியைக் கழற்றி, வலையையும் விசிறி இதழ்களையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள். விசிறிவரை கழற்றுவது விஷயம் தெரிந்தவரின் வேலை, உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.

முதல் தலைமுறை அக்குவாவில் இருப்பது நிக்கல் வகைப் பற்றரி: 20 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 6 கலங்கள், மொத்தம் 144 வோல்ட். நெருக்கி அடுக்கியிருப்பதால் நடுவில் இருப்பவைக்குத்தான் வெக்கை அதிகம், பெரும்பாலும் முதலில் படுப்பதும் அவைதான். சில இடங்களில் படுத்ததை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு பழைய பற்றரியில் கழற்றிய துண்டைப் போட்டுத் தருகிறார்கள். மலிவுதான், ஆனால் எல்லாம் தொடராக இணைந்தவை என்பதால் பலம் குறைந்தது முந்தி நிரம்பி, முந்திக் காலியாகி, இன்னும் சூடாகும். கொஞ்ச மாதத்தில் திரும்பவும் அதே கராஜ் வாசலில் நிற்பீர்கள்.

அப்புறம், பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஏசியை நிறுத்திவிட்டு உச்சி வெயிலில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் வேர்த்துக்கொண்டு இருக்கும் அதே காற்றுத்தான் பற்றரிக்கும் போகிறது.

கேள்வி: பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று மலிவாக வருகிறது. பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் கோடு 12இல் 9 இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: 24 கிலோவாற் மணி பற்றரி உள்ள லீஃப் என்றால், அந்தப் பற்றரிக்கு விசிறியும் இல்லை, குளிர்நீர்க் குழாயும் இல்லை. தானாக ஆறினால்தான் உண்டு. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய லீஃப்களில் கோடுகள் மளமளவென்று விழுந்து பெரிய பிரச்சினையாகியது. அதன் பிறகுதான் 9 கோட்டுக்குக் கீழே போனால் 5 வருடம் அல்லது 60,000 மைல்வரை உத்தரவாதம் என்று நிசான் அங்கே அறிவித்தது, 2015 மொடலில் வெக்கை தாங்கும் கலங்களையும் போட்டது.

கோட்டுக் கணக்கு ஆளை ஏமாற்றும். முதல் கோடு போனாலே ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது என்று அர்த்தம், 9 கோடு என்றால் மிச்சம் கிட்டத்தட்ட 70 வீதம். 2011 மொடலுக்குப் புதிதிலேயே ஒரு முழுச் சார்ஜில் அமெரிக்கக் கணக்கில் 117 கிலோமீற்றர்தான், அப்படியானால் இப்போது 80 வந்தால் பெரிய விஷயம். கிளிநொச்சிவரை போய்விடலாம், சார்ஜ் பண்ணாமல் திரும்பி வர முடியாது. பள்ளிக்கூடம், சந்தை, வேலை என்று ஊருக்குள் மட்டும் ஓட என்றால் வாங்கலாம், விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். அதற்கு முன் பற்றரித் தரவை வாசிக்கும் கருவியைக் காரில் செருகி, பற்றரியின் நலம் எத்தனை வீதம் என்று உங்கள் கண்ணால் பாருங்கள், விற்பவர் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: மின்சாரக் காரை ஓட்டாமல் வெயிலில் நிறுத்தினாலும் பற்றரி கெடுமா?
— வாசகர், வவுனியா

பதில்: கெடும். லிதியம் பற்றரி சும்மா நின்றாலும் உள்ளே ரசாயன வேலை நடந்துகொண்டே இருக்கும், 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முழுச் சார்ஜோடு வெயிலில் நாள்கணக்கில் விடுவது எல்லாவற்றிலும் மோசம். நிழல் கிடைக்காவிட்டால் பாதிச் சார்ஜில் விடுங்கள். தூரம் ஓடி வந்த கையோடு பாஸ்ட் சார்ஜரில் செருகாமல் கொஞ்சம் ஆற விடுங்கள், இரவில் வீட்டில் போடுவதென்றால் விடியும் நேரத்தில் முடிகிற மாதிரி ரைமர் வையுங்கள்.