ஃபாலவுட் போன்ற கேம்களில் எதிரியோடு பேசித் தீர்ப்பது உண்மையான சுதந்திரமா, வெறும் கண்துடைப்பா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் என்னால் தூங்க முடியாது. பழைய காயம் ஒன்று இருக்கிறது, வருகிறேன்.

ஃபாலவுட் என்பது அணுப்போரில் பாழான உலகில் நடக்கும் வீடியோ கேம் வரிசை. அதில் நீங்கள் ஃபாலவுட் 4-இல் தொடங்கியவர் என்பது என் ஊகம். பாழடைந்த கட்டடத்துக்குள் கால் வைக்கிறீர்கள். கொள்ளையர் கும்பல் கண்டதும் சுடுகிறது. வாய் திறப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பேசித் தீர்க்கலாம் என்றார்களே, யாரோடு பேசுவது என்று வெறுத்துப்போய்க் கேட்கிறீர்கள். கோபம் நியாயம்தான். 2015-இல் வந்த அந்த கேமில் ஒரு நேரத்தில் நான்கு பதில்கள்தான் கிடைக்கும். திரையில் தெரிவது ஓரிரு சொல், நாயகன் வாயிலிருந்து வருவது வேறு ஏதோ. கெல்லாக் என்ற வில்லனிடம் எவ்வளவு பேசினாலும் முடிவு துப்பாக்கிதான். அந்த ஒன்றை வைத்து மொத்த வகையையும் எடைபோட்டுவிடாதீர்கள்.

என் கதை 2010-இல் வெளிவந்த ஃபாலவுட்: நியூ வேகஸ் சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் கிடைத்த புள்ளிகளில் பெரும்பகுதியைப் பேச்சுத் திறமையில் கொட்டினேன். விளைவு, என் கூரியர் (அந்த கேமில் நாம் ஆடும் நாயகன்) துப்பாக்கி எடுத்தால் எதிரியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் குண்டு படும். சாதாரணத் தேள் ஒன்றிடமிருந்து ஓடியிருக்கிறேன். தேளிடம் பேச முடியாது அல்லவா. நாற்பது மணி நேரம் இப்படி ஓடி ஒளிந்துதான் கடைசிக் கட்டமான ஹூவர் அணைப் போருக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே, அணையைப் பிடிக்க வந்த லீஜன் என்ற எதிரிப் படையின் தளபதி லேனியஸ் நிற்பான். முகமூடி, கையில் ஆள் உயர வாள். அவனைப் பேச்சில் மடக்க 100 புள்ளி வேண்டும். என்னிடம் இருந்தது 92. இந்த கேமில் திறமையைத் தற்காலிகமாகக் கூட்டும் பத்திரிகைகள் உண்டு. ஒன்றைப் படித்தால் 10 புள்ளி ஏறும், ஒரு நிமிடம் மட்டும். பேச்சுக்கான பத்திரிகையில் ஒரே ஒரு பிரதியைப் பல மணி நேரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பதற்றத்தில் அதை முகாம் வாசலிலேயே படித்துவிட்டேன். உள்ளே காவலர்கள் மறித்தார்கள். அவர்களைச் சமாளித்து லேனியஸ் முன்னால் போய் நின்றபோது திரையில் தெரிந்தது: 92/100.

தெரியாதவர்களுக்காக: நியூ வேகஸில் புள்ளி போதாவிட்டால் அந்தப் பதில் மறைந்துவிடாது. அதே இடத்தில் ஓர் அசட்டு வாக்கியமாக மாறி நிற்கும். ராஜதந்திரம் பேச வேண்டிய இடத்தில், பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவன் உளறுவதைப் போல ஒரு வரி. உளறப் போகிறோம் என்று தெரிந்தே அதை அழுத்தினேன். இரண்டே வெட்டு.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்கினேன். இந்த முறை காவலர்கள் எல்லாரும் விழும்வரை பத்திரிகையைத் தொடவில்லை. லேனியஸுக்குச் சில அடி தூரத்தில் நின்று படித்துவிட்டு ஓடினேன். பேச்சு ஆரம்பித்தது. அணையைப் பிடித்துவிடுவாய், ஆனால் அதற்கப்பால் மேற்கை எப்படிக் கட்டிக் காப்பாய், இவ்வளவு தொலைவுக்கு உன் படைக்கு யார் சோறு போடுவது என்பதுதான் வாதத்தின் சாரம். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை, கணக்கு மட்டும். அவன் யோசித்தான். படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கை நடுங்கியது.

தம்பி கேட்டான்: "அவ்வளவுதானா? இதைப் பார்க்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? அண்ணா, நீ கேமை முடிக்கவில்லை. அவனை வழியனுப்பி வைத்திருக்கிறாய்."

இதுதான் அந்தக் காயம். பல வருடங்கள் கழித்தும் குடும்பத்தில் யாராவது சண்டைக்குத் தயங்கினால் 'அண்ணன் மாதிரி வழியனுப்பாதே' என்கிறான்.

தம்பிக்கு அன்று சொல்லத் தெரியாததை உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ஒரு உரையாடலுக்கு நான் நாற்பது மணி நேரம் விலை கொடுத்திருந்தேன். துப்பாக்கியில் போட்டிருக்க வேண்டிய ஒவ்வொரு புள்ளியும் அங்கேதான் போனது. விலை இருக்கிற இடத்தில்தான் சுதந்திரம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. விலை இல்லாத பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஃபாலவுட் 3-ஐப் பாருங்கள். 2008-இல் வந்தது. பேச்சு பலிக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்று காட்டும். பலிக்கவில்லையா, சேமித்த இடத்திலிருந்து திரும்ப வந்து அதையே சொல்லுங்கள்; எப்போதாவது பலிக்கும். அது சமாதானப் பேச்சு இல்லை, தாயம் உருட்டுவது.

'எண் 100 வந்தால் கதவு திறக்கிறது, அதுவும் ஒரு சாவிதானே, இதில் பேச்சுத் திறமை எங்கே இருக்கிறது?' என்று யாராவது கேட்கக் காத்திருப்பீர்கள் என்று தெரியும். ஒப்புக்கொள்கிறேன். நியூ வேகஸின் பலவீனம் அது. அதனால்தான் 1997-இல் வந்த முதல் ஃபாலவுட்டை இன்னும் மேலே வைக்கிறேன். அதில் மாஸ்டர் என்றொரு எதிரி. மனிதர்களை மியூட்டன்ட்களாக, அதாவது உருமாறிய ராட்சதர்களாக, மாற்றிவிட்டால் சண்டை சச்சரவு இல்லாத ஒரே இனம் உருவாகும் என்று உளமார நம்புகிறவன். அவனை மடக்க வாய் மட்டும் போதாது. பழைய தொழில்நுட்பத்தைச் சேர்த்துக் காக்கும் பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பின் ஆய்வாளர் வ்ரீயிடமிருந்து ஆய்வுப் பதிவு ஒன்றை முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். மியூட்டன்ட்களால் பிள்ளை பெற முடியாது என்பதற்கு அதில் ஆதாரம் இருக்கிறது. உன் புது இனம் இந்தத் தலைமுறையோடு தீர்ந்தது என்று அதைக் காட்டினால் அவன் உடைந்துபோய்த் தன்னையே அழித்துக்கொள்கிறான். உங்கள் கையில் இருந்தது ஓர் உண்மை. அதைத் தேடிப் போனது நீங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு கேம் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

எல்லா எதிரியும் பேச்சுக்கு மசிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் ஃபாலவுட்டின் கடைசியில் வரும் ஃபிராங்க் ஹாரிகன் ஒரு சொல்லையும் காதில் வாங்க மாட்டான். ஆனால் அதே இடத்தில் நிற்கும் கிரானைட் என்ற சார்ஜென்ட்டிடம் பேசி, அவனையும் அவன் ஆட்களையும் உங்கள் பக்கம் இழுத்து, ஹாரிகன் மேல் ஏவலாம். கேட்காதவனைச் சமாளிக்கக் கேட்கிறவனைத் தேடுவதும் பேச்சுதானே.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச்சையே நம்பி எடுக்கப்பட்ட கேம்கள் எழுத்தை ஏன் இப்படி எறும்பு அளவில் போடுகின்றன? சோபாவில் உட்கார்ந்து விளையாடுகிறவன் படிக்க வேண்டாமா? பக்கம் பக்கமாக வசனம் எழுத ஆள் வைக்கிறார்கள், எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான் வைக்க மனம் வருவதில்லை. கண்ணாடி போடாத நாளில் ஒருமுறை, நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த வியாபாரியிடம் தவறான வரியை அழுத்தி அவனோடு சண்டையில் இறங்கினேன். பேச்சில் 100 புள்ளி, கண்ணில் பூஜ்யம். இதைத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.