ஏழு துளை போதும்: ஒரு நாதஸ்வரக் கலைஞரின் விசிட்டிங் கார்டு

கேள்வி: கும்பகோணம் பக்கம் நாதஸ்வரம் வாசிக்கிறேன். கல்யாணங்களில் கார்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், அப்புறம் கூப்பிடுவதில்லை. பிள்ளையார், பெரிய கோயில், என் போட்டோ, நான்கு பட்டம், மூன்று நம்பர் என்று ஆயிரம் கார்டு அடித்தேன். எதை மாற்ற வேண்டும் ஐயா?

பதில்: கார்டை வாங்கியவர் அதைத் திரும்பத் தேடுவது ஆறு மாதம் கழித்து, அவர் வீட்டில் ஒரு சம்பந்தம் முடிவான பிறகுதான். பீரோவில் ஜவுளிக்கடை பில்லுக்கு நடுவே பத்து கார்டு கிடக்கும். சமையல் காண்ட்ராக்டர், பந்தல்காரர், டிராவல்ஸ்காரர் எல்லார் கார்டிலும் பிள்ளையாரும் பெரிய கோயிலும் இருந்தால் நாயனத்துக்கு எங்கே போவார்?

உங்கள் அடையாளம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை 7. கார்டின் மேல் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு பட்டை, நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடையும் ஆச்சா மரத்தின் கரும்பழுப்பில். அதன்மேல் வரிசையாக ஏழு கறுப்புப் புள்ளி. வேறு படமே வேண்டாம், போட்டோவும் வேண்டாம். கீழே பெயர், ‘நாதஸ்வரம் – தவில் செட்’, ஊர், ஒரே ஒரு நம்பர். நம்பரை ஐந்தைந்தாகப் பிரித்துப் போடுங்கள். பட்டத்தில் பெரியது ஒன்று போதும். மிச்சத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடாமலா விடுவார்கள்!

பட்டை ஓரம்வரை போவதால், டிசைனில் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். வழக்கமான அளவு 3.5 × 2 அங்குலம். அதை மாற்றி வித்தை காட்டினால் பர்ஸில் நுழையாது.

பேப்பர் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பளபளவென்று லேமினேஷன் போட்டால் அதன்மேல் பேனா எழுதாது. முகூர்த்த தேதி, பேசிய தொகை எல்லாம் உங்கள் கார்டின் பின்னால்தானே குறித்துக்கொள்வார்கள்? சரி, பின்பக்கத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று ஒரு பக்கம் லேமினேட் செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் திறந்த பக்கம் ஈரத்தை இழுத்து விரியும், பிளாஸ்டிக் பக்கம் விரியாது. கார்டு வாழைச்சருகு மாதிரி சுருளும். நானே ஒருமுறை அப்படி ஐந்நூறு கார்டை வீணடித்தேன். லேமினேஷனே இல்லாத, 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத சொரசொரப்பான போர்டு கேளுங்கள்.

பின்பக்க மூலையில் ஒரு கியூஆர் கோடு, 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக. ஸ்கேன் செய்தால் நீங்கள் வாசித்த யூடியூப் பதிவு நேராகத் திறக்க வேண்டும். சில இலவசத் தளங்கள் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடும் கோடு தரும். இலவச காலம் முடிந்ததும் அது செத்துவிடும். உங்கள் பதிவின் முகவரியே நேராகப் பதிந்த ‘ஸ்டாட்டிக்’ கோடுதான் வேண்டும். மிச்ச இடம் எழுதுவதற்குக் காலியாக இருக்கட்டும்.

டிசைன் முடிந்ததும் தமிழ் எழுத்துகளை ‘கர்வ்’ ஆக்கிய பிறகே, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஃபான்ட் பிரஸ் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் ‘ஸ்’ஸின் புள்ளி பறக்கும், கொம்பு இடம் மாறும். புரூஃபை வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொல்லாமல், ஒரு தாளில் அதே அளவுக்குப் பிரின்ட் எடுத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். கண்ணாடி போடாமல் அவர் நம்பரைப் படித்தால், முதலில் 100 மட்டும் டிஜிட்டலில் அடியுங்கள்.