இசைக் கேள்வி பதில்: வயலினோட வியன்னாக்குப் போற தங்கச்சிக்கு

கேள்வி: நான் கல்லடியில பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிக்கிறன். என்ட அக்கா சூரிச்சில இருக்கா. ஆகஸ்ட் லீவுக்கு வா, வந்தா வியன்னாவும் காட்டுறன் எண்டு நிக்கிறா. எனக்கு அங்க நாலு நாள்தான் கிடைக்கும், காசும் கனக்க இல்ல. கர்நாடக சங்கீதம் வாசிக்கிற ஒராளுக்கு அங்க எங்க போனாப் பிரயோசனம்? வயலினக் கொண்டு போறதா, விட்டுட்டுப் போறதா?
(ஒரு வாசகி, கல்லடி)

பதில்: தங்கச்சி, முதல் வேலையா அக்காக்கு கோல் எடுத்து டிக்கெட் போட வேணாம் எண்டு சொல்லுங்க. வியன்னாக்கு ஜூலை ஆகஸ்ட்டில போற சங்கீதக்காரர் ஏமாந்துதான் வருவாங்க, ஏனெண்டா ஸ்டாட்ஸ் ஓப்பர் எண்ட அந்தப் பெரிய ஒப்பரா மண்டபம் அந்த ரெண்டு மாசமும் பூட்டு, வியன்னா ஃபில்ஹார்மோனிக் எண்ட பேர்போன ஓர்கெஸ்ட்ராக்காரரும் அந்த நேரம் சால்ஸ்பர்க் விழாவில நிப்பாங்க. செப்டம்பர்ல திரும்பத் தொடங்கும். ஸ்கூல் லீவு இடம் குடுக்காட்டி மே மாசமாவது பாருங்க. சுவிஸ் விசா ஷெங்கன் விசாதான், அதோடயே ஒஸ்ரியாவுக்கும் போகலாம், கனநாள் நிக்கிற நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணோணும், உங்களுக்கு அது சுவிஸ். பயணத்துக்கு 6 மாசம் முன்னுக்கே போடலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ் கேப்பாங்க. சூரிச்சில இருந்து நேர ரெயின் இருக்கு, கிட்டத்தட்ட 8 மணித்தியாலம், மலைக்குள்ளால இன்ஸ்புரூக், சால்ஸ்பர்க் எல்லாம் தாண்டிப் போகும், பகல் ரெயினே எடுங்க.

காசு இல்ல எண்டு கவலப்படாதீங்க. வியன்னாவில கேக்கிறதுக்கு நல்ல இடம் ஏழைக்குத்தான் குடுத்திருக்கு, நான் இத மனசாரச் சொல்றன். ஒப்பராவில நிண்டு கேக்கிற டிக்கெட் எண்டு ஒண்டு இருக்கு, ஸ்டேபிளாட்ஸ் எண்டு கேளுங்க. கீழ்த்தளத்தில நடுவுக்குள்ள, மேடைக்கு நேர எதிர, பெரிய ஆக்கள் இருக்கிற நடுப் பொக்ஸுக்குக் கீழ அந்த இடம். நூறு இருநூறு யூரோ குடுத்து ஓரத்தில கதிரையில இருக்கிறவைய விட உங்களுக்கு வடிவாக் கேக்கும். உள்ளுக்குப் போன உடனே ஒரு கம்பி இருக்கும், சாய்ஞ்சு நிக்கிறதுக்கு, அதில உங்கட சால்வைய ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிட்டு வெளியால போய்த் தண்ணி குடிச்சிட்டு வரலாம். வந்து பாத்தா உங்கட இடம் உங்களுக்குத்தான், ஒருத்தரும் தொடமாட்டாங்க. நான் போனபோது என்ட பருத்திச் சால்வையத்தான் கட்டினன், பக்கத்தில ஒரு வயசான அம்மா அதக் கையால தடவிப் பாத்து இது எங்கத்தையத் துணி எண்டு கேட்டா, மருதமுனை நெசவு எண்டு சொன்னன், ரெண்டு தரம் சொல்லிப் பாத்தா. மூண்டு மணித்தியாலம் நிக்கோணும், அதால நல்ல சப்பாத்து போடுங்க, கோட்ட கார்டெரோப் எண்ட உடுப்பு வாங்கி வைக்கிற இடத்தில குடுத்திட்டுப் போங்க.

அந்தக் கட்டடம் 1869ல திறந்தது. 1945 மார்ச்சில குண்டு விழுந்து எரிஞ்சு, 1955 நவம்பர்ல பீத்தோவன்ட ஃபிடேலியோவோட திரும்பத் திறந்தாங்க. பத்து வருசம். சுனாமிக்குப் பிறகு கல்லடியத் திரும்பக் கட்டினத கண்ணால பாத்த ஆக்களுக்கு அந்தப் பத்து வருசம் எப்பிடி எண்டு நான் சொல்லித் தரத் தேவையில்ல.

அடுத்தது மியூசிக்ஃபெரைன், 1870ல கட்டின மண்டபம், அதின்ட தங்க மண்டபத்த ஒவ்வொரு புதுவருசக் கச்சேரிக்கும் உலகமே டிவியில பாக்கிறது. நீங்க வயலின்காரி, அதால இதக் கவனிங்க: நீளமான பெட்டி மாதிரி வடிவம், மரத்தளத்துக்குக் கீழயும் வெறும் இடம், மேல்கூரைக்கு மேலயும் வெறும் இடம். உங்கட வயலின்ட வயிறு எப்பிடியோ அப்பிடி, முழு மண்டபமும் சேர்ந்து அதிரும். அங்கயும் நிக்கிற டிக்கெட் இருக்கு. ஒண்டு மட்டும், நாங்க கச்சேரியில தொடையில தாளம் போடுவம், நல்ல சங்கதி வந்தா ஆஹா எண்டுவம், அங்க ஒரு உருப்படிக்குள்ள மூண்டு நாலு பகுதி வரும், பகுதிக்குப் பகுதி இடைவெளி விடுவாங்க, அப்ப கை தட்டப்படாது, கடைசியிலதான். எனக்கு அது ஆரம்பத்தில மூச்சு முட்டினது, மறுகா அந்த அமைதியும் சங்கீதத்தோட சேர்ந்ததுதான் எண்டு விளங்கிச்சு.

ஞாயிற்றுக்கிழமை நிண்டா காலம 11 மணிக்கு அவுகுஸ்டினர் சேர்ச்சுக்குப் போங்க, பூசையிலயே ஓர்கெஸ்ட்ராவும் கோயரும் சேர்ந்து ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் எண்டு பாடுவாங்க, டிக்கெட் இல்ல, தட்டில விரும்பினதப் போடலாம். ஞாயிறு கடை எல்லாம் பூட்டு, சனியே பாணும் பாலும் வாங்கி வையுங்க. தண்ணிப் போத்தலுக்குக் காசு குடுக்காதீங்க, பைப்பில வாறது அல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி, 1873ல இருந்து குழாய் போட்டுக் கொண்டு வாறாங்க. ரோட்டில மொசார்ட் மாதிரி உடுப்புப் போட்டு டிக்கெட் விக்கிற பொடியங்களிட்ட வாங்க வேணாம், அவங்க விக்கிறது டூரிஸ்ட் கச்சேரி.

71ம் நம்பர் ட்ராமில ஏறினா சென்ட்ரல்ஃப்ரீட்ஹோஃப் எண்ட பெரிய சவக்காலை. ரெண்டாம் கேற்றில இறங்கி 32A எண்ட பகுதியத் தேடிப் போங்க, பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், ஸ்ட்ராவுஸ் எல்லாரும் ஒரு வளவுக்குள்ள. 1827ல பீத்தோவன்ட செத்த வீட்டில தீவட்டி பிடிச்சுப் போன ஆள் ஷூபர்ட், அடுத்த வருசம் அவரும் 31 வயசில போயிட்டார். அந்த ரெண்டு கல்லுக்கும் நடுவில கொஞ்சம் நிண்டிட்டு வாங்க. மொசார்ட்டுக்கு அங்க நினைவுக்கல் மட்டும்தான், அவரப் புதைச்சது சங்க்ட் மார்க்ஸ் எண்ட வேற சவக்காலையில. வியன்னாக்காரர் ஒராள் செத்தா '71ல போயிட்டார்' எண்டுதான் சொல்றது.

வயலினக் கொண்டு போங்க, நாலு நாள் கை நிப்பாட்டுறது நல்லதில்ல. லக்கேஜில போட வேணாம், கையோட. ஆனா ரோட்டில இருந்து வாசிக்கப் பாக்காதீங்க, அதுக்கு இடமும் நேரமும் சொல்லிச் சட்டம் வச்சிருக்காங்க. தங்குற வீட்டிலயும் ராவு 10 மணிக்குப் பிறகு வேணாம். தந்தி அறுந்து கடைக்குப் போனா ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க, அவங்க சுருதி எங்கட ச-ப-ச-ப இல்ல, நீங்க கேக்கிற தந்திய அவங்கட பேர்ல, எத்தனையாம் தந்தி எண்டு கேளுங்க. வியன்னா ஓர்கெஸ்ட்ராக்காரர் A எண்ட சுரத்த செக்கனுக்கு 443 அதிர்வில வைக்கிறவங்க, பொது அளவு 440, உங்கட காது அந்த மூண்டு அதிர்வு வித்தியாசத்தையும் பிடிக்குதா எண்டு பாருங்க.

கேள்வி: டிசம்பர்ல ஐரோப்பாவில கோயில் நிகழ்ச்சிக்கு மிருதங்கம் வாசிக்கப் போறன். குளிரில தோல் என்ன ஆகும்?
(ஒரு வாசகர், கல்முனை)

பதில்: தம்பி, குளிர் பிரச்சின இல்ல, ஹீட்டர்தான் பிரச்சின. வெளியால இருக்கிற குளிர்க் காத்த உள்ளுக்குக் கொண்டு வந்து சூடாக்கினா அதில ஈரமே இருக்காது. எங்கட வாவிக் காத்தில இருந்து போற தோல் அங்க இறுகிச் சுருதி ஏறும், தோல் நடுவில இருக்கிற கறுப்புக் கரணை வெடிக்கும், பலாக்கட்டைக்கும் நல்லதில்ல. நான் ஒரு ஜனவரியில சிநேகிதி வீட்டில ஹீட்டருக்குப் பக்கத்தில வயலின வச்சிட்டுப் படுத்திட்டன், நடுச்சாமத்தில டப் எண்டு சத்தம், எழும்பிப் பாத்தா தந்தி சுத்துற பிரடை ரெண்டு வழுக்கித் தந்தி தொங்குது, ஓரத்தில ஒட்டு ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருக்கு. என்ட ஆசிரியர் தந்த வயலின், அண்டைக்கு விடியும் வரைக்கும் அழுதன். அதுக்குப் பிறகு சவர்க்காரப் பெட்டி ஒண்டில ஓட்டை போட்டு, நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பொஞ்ச உள்ளுக்கு வச்சு, அத உறைக்குள்ள போட்டுத்தான் எங்கயும் போறன், நீங்களும் மிருதங்க உறைக்குள்ள அப்பிடிச் செய்யுங்க, தோல்ல மட்டும் முட்டப்படாது. ஹீட்டர் பக்கமும் யன்னல் பக்கமும் வைக்காதீங்க. போறதுக்கு முன்ன வார கொஞ்சம் இளக்குங்க, மேடைக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே மண்டபத்துக்குப் போய் உறையத் திறந்து வையுங்க. போல்ட் போட்ட மிருதங்கம் கிடைச்சா அதக் கொண்டு போங்க, ஸ்பானரால ஒரு நிமிசத்தில சுருதி சேக்கலாம். இடப்பக்கத் தோலில அப்புறதுக்கு ரவை மறக்காமக் கொண்டு போங்க.

கேள்வி: வெள்ளக்காரர்ட பழைய வாத்தியத்தப் பாத்து எங்களுக்கு என்ன வரப்போகுது?
(ஒரு வாசகர், காரைதீவு)

பதில்: காரைதீவில இருந்து இந்தக் கேள்வியா ஐயா! உங்கட ஊர்ல 1892ல பிறந்த விபுலாநந்த அடிகள் ஒரு யாழக் கூடக் கண்ணால காணாம, பழைய பாட்டில இருக்கிற வரியளையும் கணக்கையும் மட்டும் வச்சு அந்த வாத்தியங்களத் திரும்ப எழுப்பப் பாத்தவர், யாழ் நூல் 1947ல வெளிவந்தது, அந்த வருசமே அவரும் போயிட்டார். வியன்னாவில ஹெல்டன்பிளாட்ஸ் பக்கம் நொய்ய புர்க் எண்ட மாளிகைக்குள்ள பழைய வாத்தியங்களுக்கு எண்டே ஒரு மியூசியம் இருக்கு. நானூறு ஐநூறு வருசத்து வாத்தியங்கள் கண்ணாடிக்குப் பின்னால முழுசா நிக்குது. கிராஃப் எண்ட பியானோ செய்யிறவர் 1839ல செய்து, பிறகு பியானோக் கலைஞர் கிளாரா ஷூமானுக்குக் குடுத்த பியானோவும் இருக்கு, அது மறுகா பிராம்ஸிட்டப் போனது. நான் அதுக்கு முன்னால நிண்டு அடிகளத்தான் நினைச்சன், ஒரே ஒரு யாழ் இப்பிடி மிஞ்சியிருந்தா அவருக்கு எத்தின வருசம் மிச்சம்.

அதால கல்லடித் தங்கச்சி, நாலு நாளில ஒரு காலமய அந்த மியூசியத்துக்கு ஒதுக்குங்க. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு போங்க, பழைய வயலின்களிட பாலம், கழுத்து, நரம்புத் தந்தி எல்லாம் எப்பிடி இருக்கு எண்டு கீறிக்கொண்டு வாங்க. வந்த பிறகு உங்கட பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு கல்லடி உப்போடையில இருக்கிற அடிகள்ட சமாதிக்கு ஒருக்காப் போய், அங்க இருந்து அந்தக் கொப்பியக் காட்டுங்க.